பின்கதவில்லாத வீடு

கதவைத் திறந்து வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். திறந்த கதவால் குளிர் வந்துகொண்டிருந்தது. புரட்டாதிக் குளிர்தான், பெரிதாக ஒன்றுமில்லை, மார்கழிக்கு முன்னால் இதெல்லாம் என்ன, ஆனால் முழங்காலுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சிவபாக்கியம் கதிரையைக் கணப்படுப்புக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, போர்வையை மடியில் விரித்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து வாசலைத் தாண்டி, நிமிர்ந்தவுடன் தலைக்கு மேலேயுள்ள மரத்தைப் பார்த்தார்கள், பிறகு கணப்படுப்பின் கல்லைப் பார்த்தார்கள், பிறகுதான் கதிரையில் ஒரு மனுசி இருப்பது கண்ணில் பட்டு, மன்னிக்கவேணும் என்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காலமையிலிருந்து சிரித்துச் சிரித்துக் கன்னம் நொந்தது. இதுவும் ஒரு வேலைதான். முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிக் கழுவித் துடைத்த காலத்தில் இடுப்பு நொந்தது, இப்போது கன்னம், நோவுக்கு உடம்பில் யாரும் இடம் காட்ட வேண்டியதில்லை, தானாகவே வந்து இருந்துகொள்ளும். வருடத்தில் ஒரு நாள் இங்குள்ள பழைய கட்டடங்களை எல்லாரும் வந்து சும்மா பார்க்கலாம். ஆஷ்கொம்ப் என்கிற இந்தச் சின்ன ஊரில் பழைய கட்டடம் என்றால் பெரிய தேவாலயம், சந்தை மண்டபம், அதற்குப் பிறகு இதுதான். நானூறு வருடங்களுக்கு முந்தி ஹம்ப்ரி என்றொரு கம்பளி வியாபாரி, பிள்ளைகுட்டி இல்லாதவன், ஊரிலுள்ள வயதுபோன ஏழைகள் இருந்து சாகட்டும் என்று கட்டிவைத்த வீடுகள். இங்கிலீசில் இதற்கு மரியாதையான ஒரு பேர் இருக்கிறது. சிவபாக்கியம் மனதுக்குள் தர்ம மடம் என்றுதான் சொல்லிக்கொள்வாள், வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் கேட்க இங்கே தமிழ் ஆளுமில்லை. மற்ற வீடுகளில் காலத்துக்குக் காலம் எதையெதையோ இடித்துக் கட்டிவிட்டார்கள். இவள் இருக்கிற மூலை வீட்டில் மட்டும் பழைய கணப்படுப்பு அப்படியே இருக்கிறது. அதனால் நிர்வாகத்தைப் பார்க்கிற மிஸஸ் ஹாட்லி வந்து, உங்கள் வீட்டைத் திறந்து காட்டலாமா, சங்கடமில்லையே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, சங்கடம்தான் என்று சொல்ல அவளிடம் ஒரு நியாயமும் இருக்கவில்லை. தந்த வீடு. தந்தவர்கள் கேட்கிறார்கள்.

எல்லாரும் முதலில் கேட்பது மரத்திலுள்ள தழும்புகளைப் பற்றி. கணப்படுப்புக்கு மேலே குறுக்காகப் போகிற மரத்தில் கண்ணீர்த்துளி போலச் சுட்ட அடையாளங்கள். மெழுகுதிரி சாய்ந்து சுட்டது என்று சில பேர், பேய் அண்டாமல் இருக்க வேண்டுமென்றே சுட்டது என்று சில பேர். இரண்டையும் சொல்லுங்கள் என்று மிஸஸ் ஹாட்லி சொல்லியிருந்தாள். இரண்டையும் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுவிட்டது. சிவபாக்கியத்துக்கென்றால் மூன்றாவதாக ஒன்று தோன்றும். மாரியில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற பின்னேரத்தில், கதைக்க ஆளில்லாத ஒரு கிழவி, மெழுகுதிரியைக் கையில் பிடித்துக்கொண்டு, செய்ய வேறொன்றும் இல்லாமல் மரத்தைச் சுட்டுப் பார்த்திருப்பாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கதிரைக்கு நேரே யன்னல், ஈயக் கம்பியில் கோத்த சின்னச் சின்னக் கண்ணாடிகள், அதனூடாகப் பார்த்தால் முற்றம் முழுக்கத் தெரியும். மூன்று பக்கமும் செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே மாதிரிக் கதவு, ஒரே மாதிரி யன்னல், கூரைமேல் வீட்டுக்கொன்றாக உயரமான புகைபோக்கிகள். நாலாவது பக்கம் மதில், மதிலின் நடுவில் வாசல், வாசலுக்கு மேலே ஹம்ப்ரியின் கேடயம் கல்லில். வாசலுக்கு நேர் எதிரே, இந்த வீட்டை ஒட்டினாற்போல, சின்னத் தேவாலயம். உள்ளே வருகிறவன் முதலில் கடவுளைப் பார்க்க வேண்டும், கடவுளும் வருகிற போகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அப்படி நினைத்துத்தான் கட்டினார்களாம். யன்னல்கள் எல்லாம் முற்றத்தைத்தான் பார்க்கின்றன. தெருப் பக்கம் ஒரு யன்னல் கிடையாது, வெறும் சுவர். தெருவைப் பார்த்தால் ஏழைகளுக்குத் தெருவில் ஆசை வரும் என்று ஹம்ப்ரி பயந்தானோ, அல்லது கண்ணாடிக்குக் காசு மிச்சம் பிடித்தானோ. ஊரில் கோயிலடி மடத்துக்கு நாலு பக்கமும் திறப்பு. வருகிறவன் வந்து துண்டை விரித்துப் படுத்துவிட்டு விடிய எழும்பிப் போய்விடுவான், ஆர் எவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அது போகிறவர்களுக்குக் கட்டின மடம். இது இருக்கிறவர்களுக்குக் கட்டினது. இருக்கிறவர்கள் ஒருவர் கதவை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். எதிர் வீட்டு டொரத்தி பால் போத்தல் எடுக்க வெளியே வராவிட்டால் இவளுக்குத் தெரியும், இவள் வராவிட்டால் டொரத்திக்குத் தெரியும். அது நல்லதுதான், செத்துக் கிடந்தால் நாறாமல் எடுப்பார்கள். ஆனால் கோபத்தோடு ஒருநாள் வெளியே போக முடியாது, அழுத கண்ணோடு உள்ளே வர முடியாது.

மதிலுக்கு மேலே வெள்ளையாக ஒரு கூரை வந்து நின்றது. பெரிய பஸ். இப்படி முதியவர்களைக் கூட்டிக்கொண்டு பஸ்கள் வரும், காலமையிலும் ஒன்று வந்தது. வாசலுக்குள் முதலில் ஒரு தடி வந்தது, பிறகு தடியை ஊன்றின ஒரு ஆள், பிறகு சேலை. சேலைக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே சால்வை, காலில் ஓட்டப் பந்தயத்துக்குப் போடுகிற மாதிரி வெள்ளைச் சப்பாத்து. ஒன்றில்லை, சேலைகள், காற்சட்டை போட்ட ஆம்பிளைகள் ஆனால் நெற்றியில் திருநீறு, காதை மூடின கம்பளித் தொப்பி. தமிழ்ச் சனம். எத்தனை மாதமாயிற்று ஒரு தமிழ் முகத்தைக் கண்டு. தேத்தண்ணி கொடுக்கலாமா, பால் இருக்கிறதா, இத்தனை பேருக்குக் கோப்பைக்கு எங்கே போவது. எழும்பி யன்னலடிக்குப் போனாள். அப்போதுதான் அந்த நடையைக் கண்டாள். கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, இடப்பக்கம் கொஞ்சம் சரிந்து, ஒவ்வொரு அடியையும் நிலத்தைக் கேட்டுவிட்டு வைக்கிற மாதிரி ஒரு நடை. கலியாண மண்டபத்தில் அவளுக்கு முன்னால் தட்டம் ஏந்திக்கொண்டு நடந்த நடை. யோகராணி. மகன் நிமலனுடைய மாமி. சம்பந்தி. சிவபாக்கியம் யன்னலிலிருந்து விலகிச் சுவரோடு ஒட்டி நின்றாள். ஈயக் கம்பிகளும் பழைய கண்ணாடியும் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றையும் காட்டாது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் விலகினாள்.

இவளுக்கு இந்த வீடு கிடைத்த வருடம்தான் எல்லாம் தொடங்கியது. இதே ஊர் முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்தவளை முழங்கால் இனி ஏலாது என்று நிறுத்தினார்கள், அதே காலத்தில் அவள் அறையெடுத்திருந்த வீட்டை வீட்டுக்காரன் விற்றான். நிமலன் வந்தான். நல்ல பிள்ளை, வந்தான், வராமல் விடவில்லை. ஹரோவில் அவன் வீட்டில் மேல்மாடியில் மூன்று அறை. அவனும் மனைவி தர்ஷினியும் ஒன்றில், பிள்ளைகள் இரண்டும் ஒன்றில். அவன் மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டு, “ஒரு சின்ன அறைதான் கிடக்கு, அம்மா. அதிலை மாமி இருக்கிறா,” என்றான். அவ்வளவுதான். வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மாமி பிள்ளைகளைப் பார்க்க வந்தவள், பெண் பெற்றவள், பெண்ணுக்குத் துணையாக வந்து நின்றவள், நின்ற இடத்தில் வேர் விட்டுவிட்டது. யார் மேல் குறை சொல்ல. இவள் அப்போது வேலை செய்துகொண்டிருந்தாள், இரவு வேலை, பிள்ளைகளைப் பார்க்க வருகிறேன் என்று இவள் கேட்கவுமில்லை. பிறகு இங்கே தேவாலயத்துப் போதகர் சொல்லி, மிஸஸ் ஹாட்லியும் இன்னும் சிலரும் நீள மேசைக்குப் பின்னால் இருந்து கேள்வி கேட்டு, இந்த மூலை வீடு கிடைத்தது. அந்தச் செய்தியை நிமலன் சின்னவளுடைய பிறந்தநாளில் எல்லாரும் இருக்கும்போது எப்படிச் சொன்னான் என்றால், அம்மா நாட்டுப்புறத்தில் ஒரு பழைய காலத்து வீடு எடுத்துவிட்டா என்று சொன்னான். எடுத்துவிட்டா. அது பொய்யுமில்லை. கேட்டவர்கள் வாங்கிவிட்டா என்று எடுத்துக்கொண்டார்கள். அவன் திருத்தவில்லை. இவளும் அங்கேதான் ஒரு கரையில் கேக் தட்டோடு இருந்தாள், தானும் திருத்தவில்லை, மகனுடைய முகம் அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது, எந்தத் தாய் திருத்துவாள். அதற்குப் பிறகு வீடு தன்பாட்டில் வளர்ந்தது. பூந்தோட்டம் வந்தது. முற்றத்தில் நின்று டொரத்தி எடுத்துத் தந்த படத்தை அனுப்பின பிறகு வீடு அரண்மனையாகிவிட்டது. யோகராணி ரெலிபோனில் பேசும்போதெல்லாம் ஒரே கதை, நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் மச்சாள், ஒருநாளைக்கு வந்து பாக்க வேணும். மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள், சம்பந்தி என்றால் தூரமாம். வாங்கோ என்று இவள் சொல்லுவாள். பிறகு ஒவ்வொரு சாட்டாக, கூரை திருத்துகிறார்கள், பிறகு குளிர், பிறகு தடிமன் காய்ச்சல். அந்தப் பக்கம் ரெலிபோனில் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். அம்மம்மா, அம்மம்மா. இவள் அப்பம்மா. அப்பம்மாவை மாதத்தில் ஒருக்கால் ரெலிபோனில் கேட்டால் போதும். அந்தச் சின்ன அறை இவளுடைய கண்ணுக்குள் இருக்கிறது. ஒருதரம் எட்டிப் பார்த்திருக்கிறாள். ஒற்றைக் கட்டில், யன்னலில் பூப்போட்ட சீலை, கட்டிலில் சின்னவளுடைய பொம்மை ஒன்று. நித்திரை வராத வேளைகளில் அந்தக் கட்டிலில் தன்னைப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறாள். பக்கத்து அறையில் பிள்ளைகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்குமா. கேட்கும். இங்கே சுவர் கைமுழம் தடிப்பு, ஒன்றும் கேட்காது.

இப்போது என்ன செய்வது. அவர்கள் வாசலில் நின்று அண்ணாந்து ஹம்ப்ரியின் கேடயத்தைப் பார்க்கிறார்கள். மிஸஸ் ஹாட்லி கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறாள், தடியோடு முன்னால் வந்த ஆள் அதைத் தமிழில் சொல்கிறார், முதியோர் சங்கத்துத் தலைவராக இருக்க வேண்டும், தலைவர்மாருக்கென்று ஒரு நிற்பு இருக்கிறது. அடுத்தது நடுமுற்றத்துத் தண்ணீர்ப் பம்பு. பிறகு தேவாலயம். பிறகு இங்கே. வேறொரு வீடும் திறந்தில்லை. வெளியே போய்விடலாம். எதனால் போவது. ஒரு கதவுதான், அது முற்றத்துக்குத்தான் திறக்கும், முற்றத்துக்கு ஒரு வாசல்தான், வாசலில் யோகராணி. வேறு எந்த வீட்டுக்கும் பின்னால் ஒரு கதவு இருக்கும், குப்பை கொட்ட, கோழி திறந்துவிட, கடன்காரன் வந்தால் நழுவ. ஏழைக்குப் பின்கதவு எதற்கு என்று ஹம்ப்ரி நினைத்துவிட்டான். மனுசன் எல்லாவற்றையும் யோசித்திருக்கிறான், வெட்கத்தை மட்டும் யோசிக்கவில்லை. கதவைச் சாத்தலாம். வெளியே பலகையில் இந்த வீட்டைப் பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது, சாத்தினால் மிஸஸ் ஹாட்லி தட்டுவாள், என்ன, சுகமில்லையா என்று இன்னும் சத்தமாகக் கேட்பாள், மிஸஸ் சிவா, மிஸஸ் சிவா என்று கூப்பிடுவாள். குளியலறைக்குள் போய் நிற்கலாம், ஆனால் அது குசினியில் பாதியை மறித்துப் போட்ட மெல்லிய கதவு, வருகிறவர்கள் அதையும் திறந்து பார்க்கிறார்கள், காலமையில் ஒருவர் திறந்து பார்த்து, ஓ, வடிவாகச் செய்திருக்கிறார்கள் என்றார். கணப்படுப்பின் கல்லில் கலியாணப் படம் இருந்தது. நிமலன், தர்ஷினி, ஒரு பக்கம் இவள், மறு பக்கம் ஊதாச் சேலையில் யோகராணி. அதை எடுத்தாள். எங்கே வைப்பது. தலையணைக்கடியில் செருகினாள். முருகன் படத்தில் கை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள், முருகன் இருக்கட்டும், முருகன் ஆருடைய வீட்டிலும் இருப்பார். ஒரு கதை வேண்டும். நான் இங்கே உதவிக்கு வருகிறேன், இந்த நாளுக்கு மட்டும், ஆட்கள் போதாது என்று கேட்டார்கள். என்னுடைய வீடு அந்தப் பக்கம், ஆற்றங்கரைப் பக்கம். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ மச்சாள் என்றால். கதவு பூட்டு, திறப்பு வேலைக்காரரிடம், கூரை வேலை நடக்கிறது. இன்னுமா கூரை. அந்தக் கூரை எத்தனை வருடமாக நடக்கிறது. ஊரில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோதும் இப்படித்தான், வகுப்பறைக்குள் சேலையைக் கட்டி மறைத்து நாலு குடும்பம், நிவாரணம் கொடுக்கிறவர்கள் வந்து சேலையை விலக்கி எட்டிப் பார்ப்பார்கள், நிமலன் அப்போது கைப்பிள்ளை, அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், வந்தவர்கள் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வகுப்பறைக்குப் போனார்கள். அன்றைக்கு அவளுக்கு வெட்கம் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே கதி. வெட்கம் என்பது தனியே இருக்கிறபோதுதான் வருகிறது. தேவாலயத்துக்குள் போய்விட்டார்கள். ஒட்டின சுவராக இருந்தும் சத்தமில்லை. பிறகு சப்பாத்துகளின் சரசரப்பு, தடி, இருமல். அவள் போய்க் கதிரையில் இருந்தாள். நின்றுகொண்டு இதைத் தாங்க முழங்காலால் ஏலாது.

தலைவர்தான் முதலில் வந்தார், பெயர் சபாரத்தினம் என்று சட்டையில் குத்தியிருந்தது, குனிய மறந்து நெற்றியை மெல்ல இடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் குனிந்து வந்தார்கள். சின்ன அறை நிறைந்துவிட்டது, தைல மணமும் கோட்டு மணமும். மிஸஸ் ஹாட்லி கடைசி, அவளுக்கு முன்னால் யோகராணி வந்தாள். நிமிர்ந்தாள். எல்லாரும் மரத்தைப் பார்த்தபோது அவள் மட்டும் நேரே கதிரையைப் பார்த்தாள். கண் இரண்டும் சந்தித்தன. யோகராணியின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை, கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள், அவ்வளவுதான். அதற்குள் சபாரத்தினம் முருகனைக் கண்டுவிட்டார். முருகனிலிருந்து சிவபாக்கியத்துக்குத் திரும்பி, அம்மா தமிழோ என்று கேட்டார். ஓம் என்றாள். எந்த ஊர் என்றார். சொன்னாள். அவருடைய தங்கை அங்கேதான் கலியாணம் முடித்தவளாம். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“இஞ்சை வேலை செய்யிறியளோ, அம்மா?”

இதோ, அவரே கதவைத் திறந்துவிட்டார். ஓம் என்று ஒரு சொல் போதும். ஆற்றங்கரை வீடு, திறப்பு, கூரை, எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நிற்கின்றன. ஓம் என்று சொன்னால் அதற்குப் பின்னால் இன்னொன்று சொல்ல வேண்டும், அதற்குப் பின்னால் இன்னொன்று, பின்னேரம் ரெலிபோனில் இன்னொன்று, நிமலனுக்குச் சொல்லி அவனையும் அதே மாதிரிச் சொல்ல வைக்க வேண்டும், அடுத்த பிறந்தநாளில் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஆற்றங்கரையில் வெள்ளம் வந்ததா என்று கேட்டால் வெள்ளத்துக்கும் பதில் வேண்டும். பொய் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. அவளிடம் இல்லை. துணிவு என்று ஒன்றுமில்லை, களைப்புத்தான்.

“இல்லை,” என்றாள். “இருக்கிறன். இது எனக்குத் தந்த வீடு.”

ஒரு பெண் மெல்லியதாக உச்சுக் கொட்டினாள். இன்னொருத்தி பிள்ளைகள் இல்லையோ என்று கேட்க வாயெடுத்தாள், சிவபாக்கியம் அதைக் கண்டாள், தலையணைக்கடியில் படத்தின் விளிம்பு முதுகைக் குத்துவது போல இருந்தது, கட்டில் என்னவோ தள்ளித்தான் கிடந்தது. அந்தக் கேள்வி வந்திருக்கும். அதற்குள் யோகராணி, இந்த மரத்திலை என்ன கறுப்பு அடையாளம் என்று இங்கிலீசில் மிஸஸ் ஹாட்லியைக் கேட்டாள். ஆளறியாத வெளியாளின் குரலில் கேட்டாள். மிஸஸ் ஹாட்லிக்குச் சந்தோசம், மெழுகுதிரியையும் பேயையும் எடுத்தாள், எல்லாத் தலையும் மேலே போயிற்று, கேள்வி கலைந்துபோயிற்று. இது இரக்கமா, அல்லது இப்படி ஒரு சம்பந்தி இருப்பது தெரிந்தால் தனக்கு அவமானம் என்றா. பஸ்ஸுக்குள் ஏறினவுடன் கதைப்பாளா, கோயிலில் கதைப்பாளா. மண்டபத்தில் தேத்தண்ணி இருக்கிறது என்று மிஸஸ் ஹாட்லி சொன்னாள். குனிந்து குனிந்து வெளியே போனார்கள். யோகராணி, காலில் சப்பாத்துக் கடிக்குது, நீங்கள் போங்கோ, நான் கொஞ்சம் இருந்திட்டு வாறன் என்று சபாரத்தினத்துக்குச் சொன்னாள். சப்பாத்து ஒன்றும் கடிக்கவில்லை, அது பழகின சப்பாத்து.

அவர்கள் போன பிறகு முதலில் பேசுகிறவள் தோற்றாள் என்பது போல இருந்தது. சிவபாக்கியம் அடியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வரும், ஏன் மறைச்சனீங்கள் என்றா, என்ர மருமேன் இப்பிடிச் செய்வானெண்டு நினைக்கேல்லை என்றா. யோகராணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். குசினியை எட்டிப் பார்த்தாள். கட்டிலை விரலால் அமத்திப் பார்த்தாள். பிறகு சொன்னாள், எனக்கு முந்தியே ஒரு ஐமிச்சம் மச்சாள், நீங்கள் அனுப்பின படத்திலை கூரையெல்லாம் புகைபோக்கி, ஒரு வீட்டுக்கு ஏன் இவ்வளவு புகைபோக்கி எண்டு யோசிச்சனான். குரலில் குத்தல் இல்லை. சிவபாக்கியத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. நானூறு வருடமாகப் பார்க்கிற எல்லாருக்கும் இது இன்னதென்று சொல்லிக்கொண்டிருக்கிற புகைபோக்கிகள், அவற்றைப் படத்தில் விட்டுவிட்டு தாயும் மகனும் வீடு வாங்கினதாகக் காட்டினார்களாம். யோகராணி கதவடிக்குப் போனாள். ஓக் மரக் கதவு, உள்ளே கனத்த இரும்புத் தாழ்ப்பாள். அதன்மேல் கையை வைத்தாள்.

“இதை உள்ளுக்காலை பூட்டலாமோ, மச்சாள்?”

“ஓம்.”

“பூட்டினால் ஒருத்தரும் வரமாட்டினமோ?”

“தட்டிப்போட்டு நிப்பினம். நான் திறந்தால்தான் வருவினம்.”

யோகராணி தாழ்ப்பாளை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள், திரும்பத் தள்ளினாள். பிறகு, நிமலனை நான் குறை சொல்லேல்லை, தங்கமான பிள்ளை என்று தொடங்கினாள். பெரியவன் வளர்ந்திட்டான், தனி அறை வேணுமெண்டு நிண்டான், நியாயந்தானே. சின்ன அறை அவனுக்குப் போய்விட்டது. அது நடந்து இரண்டு வருடம். இப்போது யோகராணி படுப்பது கீழே இருக்கை அறையில், இழுத்தால் கட்டிலாகிற நீளக் கதிரையில். எல்லாரும் ரீவி பார்த்து முடித்து மேலே போன பிறகுதான் அதை இழுக்கலாம். காலமை எல்லாருக்கும் முந்தி எழும்பி மடக்கிவிட வேண்டும், பிள்ளைகள் சாப்பிட அங்கேதான் வருவார்கள். பகலில் தலையிடித்தால் படுக்க இடமில்லை, பூங்காவில் போய் இருப்பாளாம், மழையென்றால் நூலகத்தில். உடுப்பு மாற்றக் குளியலறைக்குப் போனால், கெதியாய் வாங்கோ என்று யாராவது தட்டுவார்கள். இந்தச் சங்கத்துப் பஸ் எங்கே போனாலும் பேர் கொடுத்துவிடுவாள். கடற்கரையோ கோட்டையோ, எதுவென்று கேட்பதில்லை. இன்றைக்கும் ஊர்ப்பேரை வாசலில்தான் வாசித்தாளாம், வாசித்தவுடன் நெஞ்சு திக்கென்றதாம், திரும்பிப் பஸ்ஸில் போய் இருக்கத்தான் நினைத்தாளாம். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, வேறு யாருக்கோ நடந்த மாதிரித் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு சொன்னாள். சிவபாக்கியம் கேட்டுக்கொண்டிருந்தாள். பூப்போட்ட யன்னல் சீலை, ஒற்றைக் கட்டில், பொம்மை. இத்தனை நாள் தான் பொறாமைப்பட்டுக் கிடந்த அறை இரண்டு வருடமாக இல்லவே இல்லை. அதில் ஒரு பெடியன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறான், தன்னுடைய பேரன், அவனுக்கு மீசை அரும்பியிருக்கும். யோகராணிக்கு அப்படித்தான் வேண்டும் என்று ஒரு நினைப்பு தனக்குள் எங்காவது இருக்கிறதா என்று சிவபாக்கியம் தேடிப் பார்த்தாள். இருக்க வேண்டும், எத்தனை நாள் வளர்த்தது. கையில் ஒன்றும் படவில்லை. நிமலனைப் பெற்றவள் நான், அவனுடைய வீட்டில் இவளுக்குப் படுக்க இடமில்லை, நான் என்ன சொல்ல, மன்னிப்புக் கேட்கவா. அதற்கும் தெம்பில்லை.

“இஞ்சை இன்னொண்டு காலியாக் கிடக்கோ?” என்றாள் யோகராணி, கதவைப் பார்த்தபடியே.

ஒன்று இருந்தது, சிவபாக்கியத்துக்குத் தெரியும், வாசலடி வீடு, வசந்தத்தில் ஒரு கிழவர் போன வீடு. ஆனால் இந்த ஊரில் பல வருடம் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள், அது ஹம்ப்ரி போட்ட சட்டம், அவன் செத்த பிறகும் மாற்ற ஏலாத சட்டம். அதைச் சொன்னாள். சொல்லும்போது தன்னுடைய குரல் நீள மேசைக்குப் பின்னால் இருந்தவர்களின் குரல் போல அவளுக்கே கேட்டது. யோகராணி தலையாட்டினாள். சும்மாதான் கேட்டனான் என்றாள். பிறகு, தான் இங்கே வந்ததை நிமலனுக்குச் சொல்ல வேண்டாம் என்றாள், பிள்ளை வெட்கப்படும். தானும் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அது பேரம் பேசுகிற மாதிரி இல்லை. இரண்டு பேரும் ஒரே பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு அறைக்கு வெளியே நின்று கதைக்கிற மாதிரி இருந்தது. சிவபாக்கியம் கதிரையை விட்டு எழும்பினாள். எழும்ப இரண்டு தரம் எத்தனிக்க வேண்டியிருந்தது. இருங்கோ மச்சாள், தேத்தண்ணி போடுறன் என்றாள். குசினிக்குப் போய்க் கேத்திலைப் போட்டாள், இஞ்சியைத் தட்டினாள், சீனி எத்தனை கரண்டி என்று கேட்கத் திரும்பினாள். யோகராணி கதிரையில் சரிந்து, கைப்பை மடியில், வாய் கொஞ்சம் திறந்தபடி, நித்திரையாகியிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள். முதியோர் இல்லத்தில் எத்தனை பேர் நித்திரை கொள்வதைப் பார்த்திருக்கிறாள், வேண்டாவெறுப்பாக, மருந்தில், பயத்தில். இது அப்படியல்ல. கல்லுப் போட்ட மாதிரி ஒரு நித்திரை. கேத்தில் கூவப் போகிறது. எட்டி நிறுத்தினாள். போர்வையை எடுத்துக் கைப்பையோடு சேர்த்துக் கழுத்து வரைக்கும் போர்த்தினாள். யோகராணி அசையவில்லை. கிட்டப் பார்த்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு, கன்னத்து எலும்பு தெரிந்தது, கலியாணத்தில் இப்படி இருக்கவில்லை.

முற்றத்தில் ஆட்களின் சத்தம். சிவபாக்கியம் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். பலகையைத் திருப்பிச் சுவரோடு சாய்த்து வைத்தாள். கமராவைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து, இதுதானே பழைய கணப்படுப்பு இருக்கிற வீடு என்று கேட்டார்கள். ஓம் என்றாள். இப்போது பார்க்க முடியாது என்றாள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை, ஆனாலும் அவளே சொன்னாள், என்ர மச்சாள் வந்திருக்கிறா, நித்திரை கொள்ளுறா என்று, இங்கிலீசில் மச்சாளுக்குச் சொல் கிடைக்காமல் சகோதரி என்று சொன்னாள். அவர்கள் தலையசைத்துவிட்டுத் தேவாலயத்துக்குப் போனார்கள். வெயில் மதிலுக்கு மேலே போய்விட்டது. நிற்க ஏலாது என்று முழங்கால் சொல்லியது, கொஞ்சம் பொறு என்று அதற்குச் சொன்னாள், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். மதிலுக்கு அப்பால் பஸ் இயந்திரம் உறுமத் தொடங்கியது. மண்டபத்திலிருந்து சேலைகளும் தொப்பிகளும் ஒவ்வொன்றாக வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தன. சபாரத்தினம் வாசலடியில் நின்று விரலால் தலைகளை எண்ணினார், ஒன்று குறைந்தது போலிருக்கிறது, திரும்பவும் எண்ணினார், பிறகு முற்றத்தைக் குறுக்காகக் கடந்து தடியை ஊன்றி ஊன்றி இந்தப் பக்கம் வந்தார். கிட்ட வந்து, யோகராணியின் பேரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தார். சிவபாக்கியம் அவரைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.